நீல நூல் கட்டின மூணாம் பாகம்

என் வயசுக்காரங்க யாராவது இத வாசிச்சா, ஒண்ண மொதல்லயே சொல்லிடறேன். அறுபது தாண்டினா பொறாமையெல்லாம் தானா அடங்கிடும்னு சொல்றாங்களே, அது சுத்தப் பொய். சுகருக்கு மாத்திரை போடறேன், பிரஷருக்கு மாத்திரை போடறேன். இதுக்கு மட்டும் ஒரு மாத்திரையும் கெடையாது. போன தை மாசம் மூலக்குளத்துல ஒரு கல்யாண மண்டபத்துல கேசரி சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப, பதினேழு வயசுல எரிஞ்ச அதே எடம் திரும்பவும் எரிஞ்சிச்சு. அதான் எழுத உக்காந்துட்டேன்.

அது எண்பதுகளோட ஆரம்பம். பாண்டியில ப்ளஸ் டூ வந்து ரெண்டு மூணு வருஷம்தான் ஆயிருக்கும். எங்க நைனா மில்லுல நெசவுப் பக்கம் வேலை. மில்லு அப்பவே ஒரு நாள் ஓடும், ரெண்டு நாள் நிக்கும். சங்கு ஊதினா அன்னைக்கு வீட்ல மீன் குழம்பு, ஊதலன்னா ரசம். நைனா எங்கிட்ட சுத்தி வளைக்காம சொல்லிட்டாரு. கவர்மெண்டு காலேஜுல சீட்டு கெடச்சா படி, கெடைக்கலன்னா தட்டாஞ்சாவடி கம்பெனிக்குப் போ, சித்தி சொல்லி வச்சிருக்கான்னாரு. மருந்து பாட்டிலுக்கு லேபிள் ஒட்டற வேலை. சித்தி வெரல்ல எப்பவும் பசை காஞ்சு வெள்ளையா உரிஞ்சுக்கிட்டே இருக்கும். அவங்க சோறு பெசைய ஆரம்பிச்சாலே நான் என் தட்ட எடுத்துக்கிட்டுத் திண்ணைக்குப் போயிடுவேன்.

எனக்கு வேணும்னு இருந்தது பிசிக்ஸ் சீட்டு. எங்க பிசிக்ஸ் டீச்சரு வகுப்புல நிக்க வச்சே சொல்லிட்டாங்க, நம்ம பள்ளிக்கூடத்துலேருந்து வருஷத்துக்கு ஒருத்தி அந்தக் காலேஜுக்குள்ள போனாலே பெருசுன்னு. அந்த ஒருத்தி நான்தான்னு நானே முடிவு பண்ணி வச்சிருந்தேன்.

மொதல்ல நாங்க மூணு பேருதான் சேந்து படிச்சோம். நான், தபால்காரர் பொண்ணு, அப்புறம் சொல்தா வீட்டுப் பொண்ணு. வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன், பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு வந்து பென்ஷன் வாங்கறவங்கள எங்க ஊர்ல சொல்தான்னுதான் சொல்லுவாங்க. அவங்க வீட்ல பன்னெண்டு பேரு உக்காந்து சாப்பிடற மாதிரி ஒரு தேக்கு மேசை கெடந்துச்சு. எங்க வீட்ல பாய்தான். அதனால படிப்பெல்லாம் அந்த மேசையில. பள்ளிக்கூடம் விட்டதும் நேரா அங்க போயிடுவோம். சொல்தா மேசையோட ஒரு கோடியில சுருட்டும் பேப்பருமா உக்காந்திருப்பாரு. நாங்க வளவளன்னா வெரல் முட்டியால மேசையத் தட்டி, "சிலான்ஸ்"ம்பாரு. அவரு சம்சாரத்த நாங்க மதாம்னு கூப்பிடுவோம். ரொட்டிக் கிடங்குலேருந்து சூடா நீட்டு ரொட்டி வரும், மதாம் அதக் கீறி வெண்ணெ தடவித் தருவாங்க. சுருட்டு நெடி, வெண்ணெ வாசம், மேசைக்குப் போட்ட மெழுகு வாசம். இப்பவும் பிசிக்ஸுன்னா எனக்கு அந்த வாசம்தான் மொதல்ல வரும்.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு, தபால்காரர் பொண்ணு போட்டது. ஒருத்தி பாடம் சொல்லிக் குடுத்தா மத்தவங்க கேட்டுட்டு எந்திரிச்சுடக் கூடாது. சொந்த வார்த்தையில திருப்பிச் சொல்லணும். திருப்பிச் சொல்ல வரலன்னா சொல்லிக் குடுத்தவதான் தப்பு பண்ணியிருக்கா, மறுபடி மொதல்லேருந்து சொல்லணும். எங்கப்பா மணியார்டர வாசல்ல போட்டுட்டு வர்றதில்ல, கையில குடுத்துட்டுதான் வர்றாருன்னு அவ சொல்லுவா.

சட்டம் நல்லாதான் இருந்துச்சு. ஆனா மூணு பேருமே கெட்டிக்காரிங்க, புரியாதத புரிஞ்சதுன்னு சொல்லி ஏமாத்திக்குவோம். நெசமாவே ஒரு மக்கு வேணும், அவளுக்குப் புரிஞ்சா யாருக்கும் புரியும்னு பேச்சு வந்துச்சு. அப்ப அந்தப் பேரச் சொன்னது நான்தான். என் வாயாலயே சொன்னேன். கடைசி பெஞ்சில ஒருத்தி இருக்காளே, மூலக்குளத்துலேருந்து வர்றாளே, அவளக் கூப்பிடலாம்னு.

அவ பத்தாவது வரைக்கும் கிராமத்துப் பக்கம் தமிழ்ல படிச்சவ. ப்ளஸ் டூவுக்குத்தான் எங்க இங்கிலீஷ் வகுப்புக்கு வந்தா. டீச்சரு கேள்வி கேட்டா எந்திரிச்சு நிப்பா, வாய் தொறக்க மாட்டா. மந்தம்னு டீச்சரு கடைசி பெஞ்சில போட்டுட்டாங்க. நாங்களும் அப்படியே நம்பிட்டோம். அவளுக்குத் தெரியாதது இங்கிலீஷ்தான், பிசிக்ஸ் இல்லன்னு அவ்வளவு பேர்ல ஒருத்தருக்கும் தோணல.

அவ சந்தோஷமா வந்தா. மொத நாளே பாவாடையில முடிச்சு போட்டு அவிச்ச மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கொண்டாந்தா, அவங்க கொல்லையில வெளஞ்சது. அந்த மெழுகு போட்ட மேசையில தோலு குமிஞ்சு கெடந்துச்சு. சொல்தா திட்டுவாருன்னு பாத்தா, அவரு பேப்பர மடிச்சு வச்சுட்டு ரெண்டு கை மல்லாட்டை அள்ளிக்கிட்டாரு.

உரிச்சுக்கிட்டே அவ கதைய சொன்னா. தாய்மாமன் காத்துக்கிட்டு இருக்கானாம். அவளுக்காகன்னே புது சைக்கிள் வாங்கி, பின்னாடி பெரிய கேரியரா மாட்டி வச்சிருக்கானாம். காலேஜுல சீட்டு கெடச்சா மூணு வருஷம் பொறுத்துக்கறேன்னு அவங்கப்பா வாக்கு குடுத்திருக்காரு, கெடைக்கலன்னா ஆவணியில கல்யாணம். எந்தப் பாடத்துல சீட்டு கேக்கப் போறன்னு சொல்தா பொண்ணு கேட்டா. பிசிக்ஸுன்னா. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. அன்னைக்கு வந்த கடைசி சிரிப்பு அதுதான்.

அப்புறம் அந்தப் புத்தகம். தடியான இங்கிலீஷ் புத்தகம், கணக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கும். பள்ளிக்கூடப் புத்தகத்துல அந்தக் கணக்கெல்லாம் கெடையாது. தனியா வாங்க ஒருத்தராலயும் முடியாம நாலு பேரும் சேந்து வாங்கினோம். யாரு வீட்ல வைக்கறதுன்னு சண்ட. நைனா கேட்டுட்டு, இதுக்கு எதுக்குடி சண்டன்னு அட்டைய உரிச்சு, பிளேடால நாலு துண்டா அறுத்துட்டாரு. எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு. ஒவ்வொரு துண்டையும் காலண்டர் அட்டை வச்சு மில்லு நூலால தச்சாரு. மொத பாகம் ஒளி, செவப்பு நூலு. ரெண்டாம் பாகம் காந்தம், பச்சை. மூணாம் பாகம் மின்சாரம், நீலம். நாலாவது அணு, மஞ்சள். பக்கத்துக்கு அடையாளம் வைக்க ஒவ்வொண்ணுலயும் ஒரு மொழம் நூல வெளிய தொங்க விட்டாரு. வாரம் ஒரு பாகம் ஒருத்திகிட்ட. சனிக்கெழம சாயந்தரம் கைமாறும். எந்தப் பாகம் யாருகிட்ட இருக்கோ, அந்த வாரம் அவதான் அத மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்.

மொத சுத்துல மூணாம் பாகம் எனக்கு வந்துச்சு. நான் கடகடன்னு சொல்லிக் குடுத்தேன். மின்தடைய ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா இணைச்சா மொத்தத் தடை கொறையும், இதான் பார்முலா, எழுதிக்கங்கன்னேன். மூலக்குளத்துக்காரி நிமுந்து பாத்தா. இன்னொரு தடையச் சேத்தா தடை கூடதான வேணும், எப்படிக் கொறையும்னா. பார்முலா அப்படித்தான்டின்னேன். அவ விடல. மூடி கழட்டின பேனாவால நோட்டுல ரெண்டு கோடு பக்கத்துல பக்கத்துல போட்டுப் பாத்தா. அப்புறம், "ஒரு மடை தொறந்திருக்கறப்ப பக்கத்துல இன்னொரு மடையத் தொறந்து விட்டா தண்ணி சுளுவா போவும்ல, அதான?"ன்னு கேட்டா.

சொல்தா பொண்ணு பென்சில கீழ வச்சா. "அட, இப்பதான்டி எனக்குப் புரியுது"ன்னா. வாழ்க்கையில மடையே பாக்காத பொண்ணு அது. கோடியில உக்காந்திருந்த அவங்கப்பா, "த்ரே பியான்"னாரு. ரொம்ப நல்லாருக்குன்னு அர்த்தம். மூணு மாசமா அந்த மேசையில நான் உக்காந்திருக்கேன், எனக்கு ஒரு தடவ கூட அவரு அதச் சொன்னதில்ல.

அன்னையிலேருந்து ஆரம்பிச்சுச்சு. எங்க வீட்டுக்கு வந்தா எங்கம்மா அவளுக்குத் தல வாரி விடுவாங்க. எவ்ளோ முடி பாரு, ஒனக்கு எலிவாலுன்னு எங்கிட்டயே சொல்லுவாங்க. மில்லுலேருந்து இங்கிலீஷ்ல ஒரு நோட்டீஸு வந்துச்சு. நைனா அத என்கிட்ட குடுக்காம அவகிட்ட குடுத்து என்ன போட்டிருக்குன்னு கேட்டாரு. அவளுக்குப் பாதி வார்த்த தெரியல, அதையும் எங்கிட்டதான் கேட்டா. கேட்டுக் கேட்டு முழுசா அர்த்தம் கண்டுபிடிச்சதும் நைனா அவளத்தான் தட்டிக் குடுத்தாரு. வார்த்த சொன்னது நானு. இடம் குடுத்தா மடத்தப் புடுங்குவான்னு அன்னைக்குச் சோறு சாப்பிடறப்ப முணுமுணுத்தேன். யாரச் சொல்றன்னாங்க அம்மா. பூனையன்னேன்.

அவ ஒளி சொல்லிக் குடுத்தா, காந்தம் சொல்லிக் குடுத்தா, எல்லாத்துக்கும் ஒரு கொல்லையோ கெணறோ வந்துடும். நாங்க மூணு பேரும் ராகம் போட்டுப் படிச்சதெல்லாம் அவ வாயில வந்தா கதையா ஆயிடும். மார்க்கு ஏறுச்சு. அரைப் பரீட்சையில எனக்கும் அவளுக்கும் நடுவுல ரெண்டே மார்க்கு. டீச்சரு அவள மூணாவது பெஞ்சுக்கு மாத்தினாங்க. என் பெஞ்சு அது.

முழுப் பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கு. கடைசி சுத்து நடந்துக்கிட்டு இருந்துச்சு. அந்த வாரம் மூணாம் பாகம் எங்கிட்ட. ரெண்டாந்தடவையா மின்சாரத்த நான்தான் சொல்லிக் குடுத்திருந்தேன், ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்ணி. சனிக்கெழம அது அவளுக்குப் போவணும்; மொத சுத்துல அவ மொற அரைப் பரீட்சையில அடிபட்டுப் போச்சு, அதனால இதுதான் அவளுக்கு மொத தடவ. வெள்ளிக்கெழம எந்திரிக்கறப்ப சொல்தா பொண்ணு நோட்ட மூடிக்கிட்டே சொன்னா, "அடுத்த வாரம் இவ சொல்லிக் குடுப்பால்ல, அப்ப கரெண்ட்ட ஒழுங்காப் புரிஞ்சுக்கலாம்." தபால்காரர் பொண்ணு ஆமான்னா. ரெண்டு பேரும் என்ன வெச்சுக்கிட்டுதான் பேசறாங்க. நோவடிக்கணும்னு பேசல, அதுதான் இன்னும் நோவுச்சு.

சனிக்கெழம காலையில அம்மா கொழாயடிக்குப் போயிருந்தப்ப, முக்காலி போட்டு ஏறி மூணாம் பாகத்தப் பரண் மேல இருந்த அண்டாவுக்குள்ள போட்டேன். பொங்கலுக்கு மட்டும் எறக்கற அண்டா. நைனாவோட பழைய லுங்கியச் சுத்தி உள்ள அமுக்கிட்டு அவசர அவசரமா எறங்கிட்டேன். முக்காலியப் பழைய எடத்துல கொண்டு வச்சேன். 

சாயந்தரம் போயி, வெள்ளிக்கெழம மேசையிலயே வச்சுட்டுப் போனேனே, இங்கதான் இருக்கணும்னு சொன்னேன். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சேன், அதுவும் ஒரு பருக்கை சிந்தாம. வீடு முழுக்கத் தேடினோம். மேசைக்கு அடியில, அலமாரிக்குப் பின்னாடி, நானும் சேந்து குனிஞ்சு தேடினேன். மதாமுக்கு வேலைக்காரம்மா மேல சந்தேகம் வந்துச்சு, பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டாளான்னு. அந்தம்மா மாதா படத்துக்கு முன்னாடி நின்னு அழுதுக்கிட்டே சத்தியம் பண்ணுச்சு. அப்பவாவது நான் வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல. மூலக்குளத்துக்காரிதான் மதாம் முன்னாடி போயி நின்னு, அவங்க எடுத்திருக்க மாட்டாங்க, அவங்களுக்கு அது எதுக்குன்னு சொன்னா. வேலை போவல, ஆனா அந்தம்மா அதுக்கப்புறம் எங்க பக்கம் மூஞ்சிய திருப்பல. அவங்ககிட்ட நான் மன்னிப்பே கேக்கல. கேக்கணும்னு தோணினப்ப அவங்க உசுரோட இல்ல.

சரி, மின்சாரத்துக்குப் பள்ளிக்கூடப் புத்தகமே போதும், மத்த மூணு பாகத்தப் படிச்சு முடிப்போம்னு ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. நான் நெனச்சது நடந்துடுச்சு. ஆனா தெருமுன வரைக்கும் என்கூட நடந்து வந்த மூலக்குளத்துக்காரி, அங்க நின்னா.

"நீதான் ரெண்டு தடவ படிச்சிருக்கியே. எனக்குச் சொல்லிக் குடேன். ஒங்க வீட்டுக்கு வர்றேன்."

முடியாதுன்னு சொல்ல ஒரு காரணமும் கெடைக்கல.

திங்கக்கெழமையிலேருந்து பரீட்சை லீவு. மத்தியானம் ரெண்டு மணி சங்கு ஊதற நேரத்துக்கு வந்துடுவா. பாய விரிப்போம். அவ செவுத்துல சாஞ்சு உக்காருவா, நான் அவளுக்கு எதிர்ல. பரண் என் முதுகுக்குப் பின்னாடி. புத்தகம் என் தலைக்கு மேல இருக்குது, நான் அது இல்லாம சொல்லிக் குடுக்கறேன். இந்த அநியாயத்த எங்க போயி சொல்ல.

அவ கேள்வி இருக்கே. ஒரு வரி சொன்னா மூணு கேள்வி. தடைய அளக்கற மீட்டர் பிரிட்ஜுல கம்பி எதுக்கு ஒரு மீட்டரு, அரை மீட்டரு இருந்தா என்ன? கரெண்ட்டக் காட்டற முள்ளு எதுக்கு நடுவுல, சைபர்ல வந்து நிக்கணும்? பதில் தெரியலன்னா நாளைக்குச் சொல்றேன்னுடுவேன். அவ கெளம்பித் தெரு திரும்பினதும் முக்காலியப் போடுவேன். அண்டாவுக்குள்ள தலைய விட்டுப் படிப்பேன். பரண்ல தூசு, தும்மலா வரும். அம்மா கீழேருந்து என்னடி மேலன்னு கேப்பாங்க, எலின்னுடுவேன். மறுநாள் அவளுக்குச் சொல்லுவேன். அவ தமிழ்ல திருப்பிச் சொல்லுவா. ஒரு எடம் தடுக்கினாலும் சட்டப்படி நான் மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன். அந்த மூணு வாரத்துல பாதி நேரம் எனக்குப் பொறாம மறந்தே போச்சு. ஒரு நாள் அந்த முள்ளு கணக்கு, ரெண்டு பேருக்கும் வரல. தரை பூரா சாக்பீஸால போட்டோம், அழிச்சோம், போட்டோம். கடைசியில ரெண்டு பக்கமும் ஒரே அளவு தள்ளுது, அதான் முள்ளு அசையலன்னு எனக்குப் பட்டுச்சு. சொன்னேன். அவ கண்ண மூடிக்கிட்டு மொத்தக் கணக்கையும் ஒரு தப்பு இல்லாம திருப்பிச் சொன்னா. ரெண்டு பேரும் கெக்கெக்கேன்னு சிரிச்சோம். அன்னைக்குச் சொல்லிடலாம்னுதான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அம்மா டீ கொண்டாந்தாங்க, அவ டம்ளர்ல ஆடை எடுத்துட்டு, என் டம்ளர்ல ஆடையோட. எனக்கு ஆடை ஆவாதுன்னு தெரியாதா அவங்களுக்கு? வாய மூடிக்கிட்டேன்.

பரீட்சையில அந்த முள்ளே வந்துச்சு, பெரிய கேள்வியா. அடிஷனல் ஷீட்டு வாங்கி எழுதினேன்.

மொத்தத்துல அவதான் பள்ளிக்கூடத்துக்கே மொத. ஆனா பிசிக்ஸுல நான் அவளவிட ஏழு மார்க்கு கூட. காலேஜு சுவத்துல மொத லிஸ்டு ஒட்டினாங்க, அவ பேரு இருந்துச்சு, என் பேரு இல்ல. ரெண்டாவது லிஸ்டுல கடைசிப் பேரு என்னுது. பிசிக்ஸ் மார்க்க வச்சுதான் ரெண்டாவது லிஸ்டு போட்டிருக்காங்கன்னு ஆபீசுல சொன்னாங்க. அந்த ஏழு மார்க்கு இல்லன்னா நான் லேபிள் ஒட்டியிருப்பேன். நைனா மில்லு வாசல்ல எல்லாருக்கும் ஆரஞ்சு மிட்டாய் குடுத்தாரு. மாமன் சைக்கிள வித்துட்டு வேற பொண்ணக் கட்டிக்கிட்டான்.

அண்டா கதைய கேளுங்க. திருப்பிக் குடுக்க வழியில்லாம அத அங்கயே விட்டிருந்தேன். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்ப அம்மா அண்டாவ எறக்கி, உள்ள கெடந்தத பழைய பேப்பரோட சேத்துப் போட்டுட்டாங்க. காலேஜு விட்டு வந்து பாக்கறேன், அண்டா பளபளன்னு காலியா நிக்குது. எங்கன்னு கேக்க முடியுமா? திருடனுக்குத் தேள் கொட்டின கததான்.

மூணு வருஷம் ஒரே வகுப்புல படிச்சோம், நான் அவ பக்கத்துல உக்காரவே இல்ல. அவ மேல படிச்சு காலேஜு பேராசிரியரா ஆயிட்டா. நான் டெலிபோன் ஆபீசுல கிளார்க்கு. சொல்தா குடும்பம் பிரான்ஸ் போயிடுச்சு. ஊர்ல யாரு அவளப் பத்திப் பெருமையா பேசினாலும் நான் மனசுக்குள்ள சொல்லிக்குவேன், பிசிக்ஸுல நான் ஏழு மார்க்கு கூடன்னு. சிரிக்காதீங்க. உங்களுக்கும் ஒரு ஏழு மார்க்கு எங்கயாவது இருக்கும்.

போன தை மாசம் அவ சின்னப் பையன் கல்யாணம். போனேன். அதே முடி, வெள்ளையா, இப்பவும் முழங்கை தடிமன். பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டா. தபால்காரர் பொண்ணு போன வருஷம் போய்ச் சேந்தத பத்திப் பேசினோம். அப்புறம் திடீர்னு எம் முழங்கால்ல கை வச்சு, "ஒங்க வீட்டுப் பரண்லேருந்து நீல நூலு தொங்கிச்சுடி"ன்னா.

கேசரித் தட்டக் கீழ வச்சேன். எப்பப் பாத்தன்னேன்.

"மொத நாளே. செவுத்துல சாஞ்சா நேரா கண்ணுக்கு எதிர்ல. பலகைக்கு வெளிய ஒரு சாண் நூலு. நீ முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்த."

"அப்புறம் ஏன்டி கேக்கல?"

"கேட்டா எடுத்துக் குடுத்திருப்ப. குடுத்தா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு அப்ப இங்கிலீஷ் எங்க தெரியும். மத்த பாகமெல்லாம் நீங்க மொதல்ல சொல்லிக் குடுத்தத வச்சுதான ஓட்டினேன். மூணாம் பாகத்துல நீ கடகடன்னு பார்முலா மட்டும் சொல்லிட்டுப் போயிட்ட, அது தனியா என் கையில வரப் போவுதுன்னு அந்த வாரமெல்லாம் எனக்குச் சோறே எறங்கல. காணாமப் போச்சுன்னதும் மாரியாத்தா காப்பாத்திட்டான்னு நெனச்சேன். ஒங்க வீட்ல நூலப் பாத்ததும் தெரிஞ்சிடுச்சு, மாரியாத்தா இல்ல, நீதான்னு."

சொல்லிட்டு அவ சிரிச்சா. எனக்கு எரிஞ்சிச்சு. நான் பண்ண ஒரே கெட்ட காரியம், அதையும் அவ தனக்கு ஒதவியா எடுத்துக்கிட்டா. அந்த ஏழு மார்க்கு எங்கேருந்து வந்துச்சு? அவ கேட்ட கேள்வியிலேருந்து. அவ வாய மூடிக்கிட்டு இருந்ததுலேருந்து. நாப்பது வருஷமா எனக்குன்னு வச்சிருந்த ஒண்ணே ஒண்ணு, அதுவும் அவ குடுத்ததா போச்சு. வாழ்த்திட்டு கெளம்பிடலாம்னு எந்திரிச்சேன். அவ கையப் புடிச்சுக்கிட்டா.

சொல்தா வீடு காலி பண்ணப்ப மத்த மூணு பாகத்தையும் அவதான் வாங்கி வச்சாளாம். இன்னும் இருக்காம். நாலையும் சேத்துத் தச்சு ஒரு தடவ பாக்கணும்னு ஆசையாம்.

"மூணாம் பாகம் இருக்கா?"

இல்லன்னு சொல்ல வேண்டியதுதான.  இதுலயும் அவகிட்ட தோத்து நிக்க எனக்கு மனசில்ல. "இருக்குடி, எங்க போவும்"னுட்டேன்.

"நீல நூலோடவா?"

"நீல நூலோடதான்."

அவ என்ன ஒரு பார்வை பாத்தா. "இல்லன்னாலும் ஒண்ணும் கெட்டுப் போவல. ஒனக்குத்தான் அது மனப்பாடமாச்சே"ன்னு சொல்லிட்டு பந்தியக் கவனிக்கப் போயிட்டா.

மறுநாளே கோடு போடாத நோட்டு ஒண்ணு வாங்கினேன். மில்லு இப்ப இல்ல, சண்டே மார்க்கெட்டுல தேடி நீல நூல்கண்டு ஒண்ணு வாங்கினேன். உக்காந்து எழுத ஆரம்பிச்சேன். நம்ப மாட்டீங்க, வந்துச்சு. தடை, மடை, கம்பி, மீட்டரு, வரிசையா படத்தோட வந்துச்சு. அவ கேட்ட கேள்வியும் கூடவே அவ கொரல்லயே வந்துச்சு. இருபத்தெட்டு பக்கம் எழுதிட்டேன். அந்த முள்ளு கணக்குல வந்து நின்னுடுச்சு. எப்படிப் போட்டாலும் முள்ளு நடுவுக்கு வர மாட்டேங்குது. இப்ப ஏறிப் பாக்கப் பரணும் இல்ல, அண்டாவும் இல்ல. அன்னைக்குக் கண்ண மூடிக்கிட்டு அத முழுசா திருப்பிச் சொன்னவ ஒருத்திதான் இருக்கா. அவகிட்ட கேட்டா புத்தகம் இல்லன்னு தெரிஞ்சிடும். கேக்கலன்னா மூணாம் பாகம் முடியாது.

நாலு நாள் அதே பக்கத்துல நின்னேன். நேத்து சாயந்தரம் போன் பண்ணிட்டேன். ரெண்டாவது மணியிலயே எடுத்தா. என் கண்ணு ஆபரேஷன், அவ பையன் மறுவீடுன்னு எதையாவது பேசிட்டு மெதுவா கேப்போம்னு மனசுல வரிசை கட்டி வச்சிருந்தேன். நான் ஹலோ சொல்றதுக்குள்ள அவ கேட்டா.

"எந்தக் கணக்குலடி நிக்குது?"